ஜாவாவில் ஆவ்ரோ: ஒரு பதிவைப் பைட்டுகளாக்கிப் பிழையின்றித் திரும்பப் படிக்க முழுமையான வழிகாட்டி

பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் காலையில் பால் ஊற்றியதும் ஒரு பதிவு விழுகிறது. உறுப்பினர் எண், பெயர், நேரம், காலையா மாலையா, எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் எவ்வளவு. இதை ஜேசானாக எழுதினால் ஏழு புலப்பெயர்களும் ஒவ்வொரு பதிவிலும் திரும்பத் திரும்ப வரும். பதிவுகளைச் சுருக்கமான பைட்டுகளாக்கும் வடிவமான அப்பாச்சி ஆவ்ரோவில் எழுதினால் பதிவு முழுவதும் 34 பைட்டில் அடங்கிவிடும். அதில் புலப்பெயர் கிடையாது, வகைக் குறிப்பு கிடையாது, பிரிப்பானும் கிடையாது. ஸ்கீமாவில், அதாவது புலங்களின் பெயரையும் வகையையும் சொல்லும் வரையறையில், என்ன வரிசை சொல்லியிருக்கிறதோ அதே வரிசையில் மதிப்புகள் மட்டும் அடுத்தடுத்து நிற்கும்.

ஆவ்ரோவின் பலம் இதுதான். அதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே வேர். எழுதியபோது இருந்த ஸ்கீமா கையில் இல்லையென்றால் அந்த 34 பைட்டும் ஊமை. அதனால் இந்த வழிகாட்டியில் கோட் எழுதுவதற்குத் தரும் இடத்தைவிட, ஸ்கீமாவைப் பைட்டுகளோடு சேர்த்துக் காப்பாற்றுவதற்கே அதிக இடம் தந்திருக்கிறோம். கிளாஸ், மெத்தட் பெயர்களை ஒலிப்பில் தமிழில் எழுதியிருக்கிறோம்; கோட் எழுதும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே அவற்றைத் தட்டிக்கொள்ளுங்கள்.

ஏன் ஆவ்ரோ

ஜாவாவுக்கே சொந்தமாக ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீம் இருக்கிறது. ஆனால் அது எழுதும் பைட்டுகளுக்குள் ஜாவா கிளாஸ் பெயரும் புலப்பெயர்களும் போய் உட்கார்ந்துகொள்ளும். கிளாஸை வேறு பேக்கேஜுக்கு நகர்த்தினால் பழைய தரவைப் படிக்க முடியாது. நம்பகமில்லாத இடத்திலிருந்து வரும் பைட்டுகளை அதன்மூலம் படிப்பது, உங்கள் சர்வரில் அடுத்தவர் கோட் ஓட வழிவிடலாம். புதிய வேலைக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

டேட்டாஅவுட்புட்ஸ்ட்ரீமை வைத்து கையாலேயே எழுதுவது சின்ன வேலைக்குப் போதும். தமிழ் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் எல்லை அதில் உண்டு. ரைட்யூடிஎஃப் மெத்தட் நீளத்தை 2 பைட்டில்தான் எழுதுகிறது. உச்சவரம்பு 65,535 பைட். ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும் என்பதால் 21,845 குறியீடுகளைத் தாண்டியதும் எக்செப்ஷன் வரும். ஆங்கில உரையை வைத்து டெஸ்ட் செய்தவருக்கு இது பிடிபடாது.

இதேபோன்ற இன்னொரு வடிவமான புரோட்டோபஃப் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண்ணை வைத்து, அந்த எண்ணையும் பைட்டுகளில் எழுதுகிறது. அறியாத எண் வந்தால் தாண்டிப் போகலாம். ஆவ்ரோ அந்த எண்ணைக்கூட எழுதுவதில்லை. ஒரே மாதிரியான பதிவுகள் லட்சக்கணக்கில் குவியும் கோப்புகளுக்கும், ஸ்கீமாவை ஓரிடத்தில் பதிந்து வைக்கும் செய்தி வரிசைகளுக்கும் ஆவ்ரோ நன்றாகப் பொருந்தும். டக் கட்டிங் என்ற மென்பொருளாளர் 2009இல் பெருந்தரவுக் கருவியான ஹடூப்பின் சூழலுக்காக இதைத் தொடங்கியதும் அப்படிப்பட்ட கோப்புகளை மனதில் வைத்துத்தான்.

படி 1: லைப்ரரி, பதிப்பு

ஜாவா பில்டு கருவியான மேவனில் குழு ஆர்க்.அப்பாச்சி.ஆவ்ரோ, ஆர்ட்டிஃபாக்ட் ஆவ்ரோ. பதிப்பு 1.11.4 அல்லது அதற்கு மேல், 1.12 வரிசையும் சரி. 1.11.3 வரையிலான ஜாவா லைப்ரரியில், வெளியாள் தந்த ஸ்கீமாவைப் பார்ஸ் செய்தாலே அவர் விரும்பிய கோட் ஓடக்கூடிய ஓட்டை இருந்தது. 2024 அக்டோபரில் அது வெளியிடப்பட்டது. இன்னொரு லைப்ரரி வழியாகப் பழைய ஆவ்ரோ உள்ளே நுழைந்திருக்கலாம். மேவனின் டிபெண்டன்சி ட்ரீயை ஒருமுறை ஓடவிட்டு, எந்தப் பதிப்பு வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: ஸ்கீமா

ஸ்கீமா ஒரு ஜேசான் கோப்பு, நீட்சி ஏவிஎஸ்சி. மேவன் பிளகின் அதை மெயின் ஃபோல்டருக்குள் ஆவ்ரோ என்ற ஃபோல்டரில் தேடும். நம் பதிவுக்கு ஏழு புலங்கள்:

உறுப்பினர் எண்: இன்ட்.
பெயர்: ஸ்ட்ரிங்.
நேரம்: லாங், அதன்மேல் டைம்ஸ்டாம்ப்-மில்லிஸ் என்ற லாஜிக்கல் டைப் (அந்த எண்ணை எப்படிப் பொருள்கொள்வது என்ற குறிப்பு).
வேளை: ஈனம் (பட்டியலிட்ட சின்னங்களில் ஒன்றை மட்டும் ஏற்கும் வகை), காலை முதலில், மாலை அடுத்து.
அளவு: இன்ட், மில்லிலிட்டரில்.
கொழுப்பு: பைட்ஸ், அதன்மேல் டெசிமல், பிரசிஷன் 4 (மொத்த இலக்கங்கள்), ஸ்கேல் 2 (புள்ளிக்குப் பின் இலக்கங்கள்).
திடப்பொருள்: நல் (மதிப்பு இல்லை என்பதன் குறி), இன்ட் இரண்டில் ஒன்றாக இருக்கும் யூனியன், சதவீதத்தின் நூறு மடங்கு, டீஃபால்ட் நல்.

அளவுக்கு டபுள் வைக்காததற்குக் காரணம் உண்டு. 6.5 லிட்டரை 6,500 மில்லிலிட்டர் என்று முழு எண்ணாக வைத்தால் மாதக் கடைசியில் கூட்டும்போது ஒரு மில்லியும் பிசகாது. டபுளில் வைத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட் போவதோடு, கூட்டுத்தொகையின் கடைசி இலக்கங்களில் சண்டை வரும். பணம் கைமாறும் எந்தக் கணக்குக்கும் இது பொருந்தும்.

புலப்பெயரிலும் ஈனம் சின்னங்களிலும் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டுமே ஆவ்ரோ விவரக்குறிப்பில் அனுமதி. முதல் எழுத்து இலக்கமாக இருக்கக் கூடாது. ஜாவா லைப்ரரி சில இடங்களில் விட்டுக்கொடுத்தாலும், அதே கோப்பைப் பைத்தானில் திறப்பவர் மாட்டிக்கொள்வார். தமிழ் விளக்கத்தை டாக் என்ற பண்பில் எழுதுங்கள். அங்கே தடையில்லை, பைட்டிலும் அது போகாது.

யூனியனில் அடிக்கடி நடக்கும் தவறு: வகையைச் சொல்லும்போது நல் மேற்கோள்குறிக்குள் வரவேண்டும், டீஃபால்ட்டாகச் சொல்லும்போது மேற்கோள்குறி இல்லாமல் வரவேண்டும். டீஃபால்ட்டையும் மேற்கோளுக்குள் போட்டால் அது நான்கு எழுத்துச் சொல்லாகிவிடும். டீஃபால்ட் செல்லாது என்று பார்ஸர் நிறுத்தும். டீஃபால்ட் நல் என்றால் யூனியனில் நல்லையே முதலில் எழுதுங்கள்.

படி 3: கிளாஸ் உருவாக்கம்

ஆவ்ரோ மேவன் பிளகினில் ஸ்கீமா என்ற கோலை (பிளகின் செய்யும் ஒரு பணி) ஜெனரேட்-சோர்ஸஸ் கட்டத்தில் இணைத்தால் ஜாவா கிளாஸ் தானாக உருவாகும். இரண்டு அமைப்புகளை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

ஸ்ட்ரிங்டைப் என்பதை ஸ்ட்ரிங் என்று வையுங்கள். வைக்காவிட்டால் புலத்தின் வகை கேர்சீக்வென்ஸ் ஆகிவிடும்; படிக்கும்போது உள்ளே இருப்பது ஆவ்ரோவின் யூடிஎஃப்8 என்ற கிளாஸ். அச்சிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஈக்வல்ஸ் வைத்து ஒப்பிட்டால் பொய் என்று வரும். மேப் வகைப் புலத்தில் சாவியும் யூடிஎஃப்8 ஆக இருப்பதால், கண்ணெதிரே இருக்கும் சாவியைக் கேட்டாலும் நல் திரும்பும். அரை நாளை விழுங்கும் பிழை இது.

எனேபிள்டெசிமல்லாஜிக்கல்டைப் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் கொழுப்புப் புலம் பிக்டெசிமலாக வராமல் பைட்பஃபராக வரும். நேரப் புலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, 1.9 பதிப்பிலிருந்து அது இன்ஸ்டன்ட் வகையாகவே வருகிறது.

ஓடும்போதுதான் ஸ்கீமா தெரியவரும் என்றால் கிளாஸ் உருவாக்காமல் ஜெனரிக்ரெக்கார்ட் பயன்படுத்தலாம். அப்போது டெசிமல் கன்வர்ஷனை ஜெனரிக்டேட்டாவில் நீங்களே சேர்த்து, அந்த ஜெனரிக்டேட்டாவை ரைட்டருக்கும் ரீடருக்கும் தரவேண்டும். மறந்தால் பிக்டெசிமலைப் பைட்பஃபராக மாற்ற முடியவில்லை என்று கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் வரும்.

படி 4: பதிவை நிரப்புதல்

உருவாக்கப்பட்ட கிளாஸோடு வரும் பில்டர் வழியாகவே நிரப்புங்கள். விட்டுப்போன புலத்துக்கு டீஃபால்ட் இருந்தால் பில்டர் போட்டுக்கொள்ளும். இல்லாவிட்டால் பில்டு அழைக்கும் வரியிலேயே நிறுத்திவிடும். நியூ போட்டு செட் செய்தாலோ, ஜெனரிக்டேட்டா.ரெக்கார்டில் புட் செய்தாலோ ஸ்கீமாவின் டீஃபால்ட் தானாக வராது. பெயரை நிரப்ப மறந்தால் எழுதும் நேரத்தில், நிரப்பிய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, நல்பாயிண்டர் எக்செப்ஷனாக வெடிக்கும்.

டெசிமலில் 4.2 தந்தால் அது 4.20 ஆக நீண்டுகொள்ளும். 4.256 தந்தால் எக்செப்ஷன் வரும், ஏனென்றால் ஆவ்ரோ உங்களைக் கேட்காமல் ரவுண்ட் செய்யாது. எந்த விதியில் ரவுண்ட் செய்வது என்பதை நிரப்புவதற்கு முன்பே முடிவுசெய்து செட்ஸ்கேல் அழைத்துவிடுங்கள்.

படி 5: பைட்டாக எழுதுதல்

ஒரு பைட்அரேஅவுட்புட்ஸ்ட்ரீம் உருவாக்குங்கள். என்கோடர்ஃபேக்டரியில் பைனரிஎன்கோடர் மெத்தடை அழைத்து, அந்த ஸ்ட்ரீமையும், மறுபயன்பாட்டு இடத்தில் நல்லையும் தாருங்கள். ஸ்பெசிஃபிக்டேட்டம்ரைட்டர் ஒன்றை உங்கள் கிளாஸைச் சொல்லி உருவாக்குங்கள். ரைட்டரின் ரைட் மெத்தடுக்குப் பதிவையும் என்கோடரையும் தாருங்கள். பிறகு என்கோடரில் ஃப்ளஷ். அதற்குப் பிறகுதான் டுபைட்அரே.

ஃப்ளஷ் விட்டுப்போனால் எக்செப்ஷன் எதுவும் வராது. பைனரிஎன்கோடர் உள்ளே 2,048 பைட் இடையகம் (பஃபர்) வைத்திருக்கிறது. நம் 34 பைட் அதிலேயே தங்கிவிடும், உங்கள் கைக்கு வெற்று அரே வரும். பெரிய பதிவு என்றால் இதைவிட மோசம்: முன்பகுதி வந்து, வால் மட்டும் விட்டுப்போயிருக்கும். இடையகமே வேண்டாம் என்றால் டைரக்ட்பைனரிஎன்கோடர் இருக்கிறது. சின்னச் சின்ன எழுத்துகள் அதிகமாக இருந்தால் அது மெதுவாகும்.

முந்தைய என்கோடரை மறுபயன்பாட்டு இடத்தில் தந்தால் புதிய இடையகம் ஒதுக்கும் செலவு மிச்சம். ஆனால் ஓர் என்கோடர் ஒரு த்ரெட்டுக்கு மட்டுமே. இரண்டு த்ரெட் பகிர்ந்தால் இரண்டு உறுப்பினர்களின் பால் ஒரே பைட்டுகளில் கலந்துவிடும்.

படி 6: 34 பைட்டையும் கையால் சரிபார்த்தல்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்குப் பின்னால் வரும் பிழைகள் பார்த்த மாத்திரத்தில் புரியும்.

ஆவ்ரோ முழு எண்ணை இரண்டு கட்டமாக எழுதுகிறது. முதலில் ஜிக்ஜாக்: 0 அப்படியே 0, -1 என்பது 1, 1 என்பது 2, -2 என்பது 3. அதாவது நேர்ம எண்ணை இரட்டிப்பாக்கினால் போதும், ஒற்றைப்படையாக வருவதெல்லாம் எதிர்ம எண். அடுத்தது வேரின்ட்: கிடைத்த எண்ணைக் கீழ்முனையிலிருந்து ஏழேழு பிட்டாக வெட்டி, இன்னும் தொடர்கிறது என்றால் அந்தப் பைட்டில் 128ஐக் கூட்டுவது.

பதிவு இது: உறுப்பினர் 214, பெயர் முத்து, நேரம் 2025 ஜனவரி 1 இந்திய நேரம் காலை 5.30, வேளை காலை, அளவு 6,500, கொழுப்பு 4.20, திடப்பொருள் அளக்கவில்லை.

உறுப்பினர் எண்: 214 இரட்டித்தால் 428. அதில் மூன்று 128 போக மீதி 44. ஆகவே 172, 3.

பெயர்: முத்து என்பதில் ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி என 6 குறியீடுகள். ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் 18 பைட். நீளம் 18ஐ இரட்டித்து 36. பிறகு 224 174 174, 224 175 129, 224 174 164, 224 175 141, 224 174 164, 224 175 129. இங்கே நீளம் என்பது பைட்டுகளின் எண்ணிக்கை. ஜாவாவின் லெங்த் 6 என்று சொல்லும், கண்ணுக்கு மூன்று எழுத்து தெரியும்; மூன்றும் வெவ்வேறு கணக்கு.

நேரம்: அந்த நொடி 1735689600000 மில்லிநொடி. இரட்டித்தால் 3471379200000. பைட்டுகள் 128, 240, 203, 242, 131, 101. எட்டுக்குப் பதில் ஆறு.

வேளை: காலை ஈனத்தில் 0ஆம் இடம், ஆகவே 0. மாலை என்றால் 2.

அளவு: 6,500 இரட்டித்து 13,000. பைட்டுகள் 200, 101.

கொழுப்பு: 4.20 என்பது புள்ளியில்லாமல் 420. அதை எழுத 2 பைட் வேண்டும்: 1, 164. முன்னால் நீளம் 2க்கு 4. ஆகவே 4, 1, 164.

திடப்பொருள்: யூனியனில் எந்தக் கிளை என்பதற்கு ஓர் எண். நல் 0ஆம் கிளை, ஆகவே 0. அதற்குமேல் எதுவும் எழுதப்படாது. 8.50 இருந்திருந்தால் 2, 164, 13 என்று மூன்று பைட் ஆகியிருக்கும்.

கூட்டினால் 2, 19, 6, 1, 2, 3, 1. மொத்தம் 34.

இதே அரேயை டெஸ்ட்டில் அப்படியே எழுதி வைத்து ஒப்பிடுங்கள். ஜாவாவில் பைட் என்பது குறியுள்ள வகை என்பதால் 172 என்பது -84 என்று அச்சாகும், பைட்.டுஅன்சைன்ட்இன்ட் வழியாக அச்சிட்டால் மேலே உள்ள எண்கள் கிடைக்கும். யாராவது ஸ்கீமாவில் புலங்களின் வரிசையை அழகுக்காக மாற்றினால் முதலில் கூவுவது இந்த டெஸ்ட்டாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. வேரின்ட் சின்ன எண்களுக்குத்தான் லாபம். 64 பிட் ஹாஷ் போல எங்கெங்கோ சிதறும் எண்களை லாங்காக வைத்தால் பெரும்பாலும் 9 அல்லது 10 பைட் ஆகும். 8 பைட் ஃபிக்ஸ்ட் வகை அதற்குச் சரி.

படி 7: திரும்பப் படித்தல்

டிகோடர்ஃபேக்டரியில் பைனரிடிகோடருக்கு அரேயைத் தந்து, டேட்டம்ரீடரின் ரீட் மெத்தடை அழைத்தால் பதிவு வரும். கவனம் முழுவதும் டேட்டம்ரீடரை உருவாக்கும் வரியில் இருக்க வேண்டும். அது இரண்டு ஸ்கீமா கேட்கும்: எழுதியவருடையது முதலில், படிப்பவருடையது இரண்டாவது. ஒரே ஒரு ஸ்கீமா தந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் எழுதியவரும் அதே ஸ்கீமாவில்தான் எழுதினார் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கீமா மாறாதவரை எல்லாம் ஓடும். மாறிய அன்றுதான் தெரியும்.

எப்படி உடைகிறது என்று பார்ப்போம். உறுப்பினர் எண்ணுக்கு அடுத்ததாகச் சங்க எண் என்ற இன்ட் புலத்தைச் சேர்த்துவிட்டு, புதிய ஸ்கீமாவை மட்டும் வைத்துப் பழைய 34 பைட்டைப் படிக்கிறோம். 172, 3 என்பது 214, சரி. அடுத்த 36ஐச் சங்க எண் என்று எடுத்து 18 என்கிறது, எரர் இல்லை. அடுத்து பெயரின் நீளத்தைத் தேடுகிறது. தமிழ் யூடிஎஃப்-8 பைட்டுகள் எல்லாமே 128க்கு மேல் என்பதால் எண் தொடர்கிறது, தொடர்கிறது என்றே போய், எண் குறியாக்கம் செல்லாது என்று நின்றுவிடும். அதே பெயர் ஆங்கில எழுத்தில் இருந்திருந்தால் முதல் எழுத்து பெரிய எம், மதிப்பு 77, ஒற்றைப்படை. நீளம் -39 என்று எரர் வரும். ரவி என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரிய ஆர், 82. நீளம் 41 என்று நம்பி, அடுத்த பதிவின் பைட்டுகளையும் சேர்த்து விழுங்கிவிடும். ஒரே தவறு, பெயருக்குப் பெயர் வேறு முகத்தோடு வருகிறது. சில பதிவுகளுக்கு மட்டும் எரர் வருகிறதே, தரவுதான் கெட்டிருக்கும் என்று தேடப் போகாதீர்கள். ரீடருக்குத் தந்த முதல் ஸ்கீமாவைப் பாருங்கள்.

டீஃபால்ட் பற்றிய தவறான நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. புதிய புலத்துக்கு டீஃபால்ட் வைத்துவிட்டால், பழைய பைட்டில் அது இல்லாதபோது ரீடர் தானே நிரப்பிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். பைட்டைப் பார்த்து ஒரு புலம் இல்லை என்று ரீடருக்கு எப்படித் தெரியும்? பைட்டில்தான் எந்த அடையாளமும் இல்லையே. எழுதியவர் ஸ்கீமாவில் அந்தப் புலம் இல்லாமல், படிப்பவர் ஸ்கீமாவில் இருந்தால் மட்டுமே டீஃபால்ட் வேலை செய்யும். இரண்டு ஸ்கீமாவும் சரியாகத் தரப்பட்டால் புலங்கள் பெயரால் பொருத்தப்படும். புதிய புலத்தை நடுவில் சேர்த்தாலும் கடைசியில் சேர்த்தாலும் ஒன்றுதான்.

படி 8: எழுதியவர் ஸ்கீமாவை எங்கே வைப்பது

கோப்பு என்றால் ஆவ்ரோவின் கன்டெய்னர் கோப்பு. டேட்டாஃபைல்ரைட்டர் கோப்பின் தலையில் ஸ்கீமாவை ஒரே ஒருமுறை எழுதிவிடும். டேட்டாஃபைல்ரீடர் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். பதிவுகள் தொகுதி தொகுதியாகப் போகும். ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் 16 பைட் ஒத்திசைவுக் குறி. ஜாவாவில் தொகுதியின் இயல்பு அளவு சுமார் 64,000 பைட். டிஃப்ளேட், ஸ்னாப்பி, இசட்ஸ்டாண்டர்ட் சுருக்கங்களை எழுதத் தொடங்கும் முன்பே செட் செய்ய வேண்டும். குளோஸ் செய்யாமல் புரோகிராம் செத்தால் கடைசித் தொகுதி போய்விடும். ஒவ்வொரு வேளைக் கொள்முதல் முடிந்ததும் ஃப்ளஷ் அழைத்தால் இழப்பு குறையும். ஒரு பதிவுக்கு ஒரு கோப்பு எழுதாதீர்கள். ஒவ்வொரு 34 பைட்டுக்கும் ஸ்கீமா முழுவதையும் சுமக்க வேண்டி வரும்.

தனித்தனிச் செய்தி என்றால் சிங்கிள்-ஆப்ஜெக்ட் வடிவம். பைனரிமெசேஜ்என்கோடர் முன்னால் 10 பைட் சேர்க்கும்: 195, 1, பிறகு ஸ்கீமாவின் 8 பைட் கைரேகை (ஸ்கீமாவிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்). நம் பதிவு 44 பைட் ஆகும். படிப்பவர் ஸ்கீமாஸ்டோரில் பழைய ஸ்கீமாக்களைச் சேர்த்து வைத்திருந்தால், கைரேகையைப் பார்த்து உரியதை டிகோடர் எடுத்துக்கொள்ளும். உருவாக்கப்பட்ட கிளாஸில் உள்ள டுபைட்பஃபர் மெத்தடும் இந்த வடிவத்தையே தருகிறது. அதை வெறும் பைனரிடிகோடரால் படிக்க முயல்வது அடிக்கடி நடக்கிறது.

செய்தி வரிசை மென்பொருளான காஃப்காவில், ஸ்கீமாக்களைப் பதிந்து எண் தரும் கன்ஃப்ளுயன்ட்டின் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரி இருந்தால் முன்னொட்டு 5 பைட்: ஒரு 0, பிறகு 4 பைட்டில் ஸ்கீமா எண். அதன் சீரியலைசரையே இரண்டு பக்கமும் பயன்படுத்துங்கள்.

இவை எதுவும் முடியாது, டேட்டாபேஸ் நெடுவரிசையில் பைட்டாகத்தான் போடவேண்டும் என்றால், பக்கத்தில் ஸ்கீமா பதிப்பு எண்ணுக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள். பழைய ஏவிஎஸ்சி கோப்புகளை அழிக்காமல் புரோகிராமோடு சேர்த்தே கட்டுங்கள்.

படி 9: ஸ்கீமாவை மாற்றுதல்

டீஃபால்ட்டோடு புலம் சேர்க்கலாம். டீஃபால்ட் உள்ள புலத்தை நீக்கலாம். இன்ட்டை லாங்காக அகலமாக்கலாம், குறுக்க முடியாது. பெயர் மாற்ற வேண்டுமானால் புதிய ஸ்கீமாவில் பழைய பெயரை ஏலியஸாகக் குறிப்பிடுங்கள். ஈனத்தில் மதியம் என்று ஒன்றைச் சேர்த்தால், பழைய ரீடர் அதைப் பார்த்ததும் எக்செப்ஷன் தரும்; ஈனத்துக்கே ஒரு டீஃபால்ட் சின்னம் வைக்கும் வசதி 1.9இல் வந்தது. முதல் பதிப்பிலேயே வைத்துவிடுங்கள், பிறகு சேர்த்தால் ஏற்கெனவே வெளியே ஓடும் ரீடர்களுக்கு அது தெரியாது.

பொருளை மாற்றும் மாற்றங்கள்தான் பயங்கரம். மில்லிநொடியை மைக்ரோநொடி ஆக்கினாலும், டெசிமல் ஸ்கேலை 2லிருந்து 3 ஆக்கினாலும் பைட்டின் வடிவம் மாறாது. 1, 164 என்ற அதே இரண்டு பைட், 4.20 சதவீதமாகவும் 0.420 சதவீதமாகவும் படிக்கக் கூடியது. அளவு மில்லிலிட்டரா கிராமா என்பதும் அப்படியே. இப்படிப்பட்ட தேவை வந்தால் புதிய பெயரில் புதிய புலம் சேருங்கள்.

ஸ்கீமாகம்பாட்டிபிலிட்டி கிளாஸில் செக்ரீடர்ரைட்டர்கம்பாட்டிபிலிட்டி என்ற மெத்தட் இருக்கிறது. இதுவரை வெளியான ஒவ்வொரு ஸ்கீமாவையும் எழுதியவராக வைத்து, புதியதைப் படிப்பவராக வைத்து டெஸ்ட்டில் ஓட்டுங்கள். பிறகு இடம் மாற்றியும் ஓட்டுங்கள். முதல் திசை மட்டும் தேறினால் ரீடர்களை முதலில் புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் திசை மட்டும் தேறினால் ரைட்டர்களை.

முதல் எண்ணைப் பார்த்தே நோயைக் கண்டறிதல்

நம் ஸ்கீமாவில் முதல் புலம் இன்ட். தவறான பைட்டுகளைப் படித்தால் அந்த முதல் எண்ணே எங்கே தவறு என்று காட்டிக்கொடுக்கும். எக்செப்ஷன் பிந்தி வந்தாலும் டீபக்கரில் இந்த எண் கிடைக்கும்.

-98 வந்தால் முன்னால் 195, 1 இருக்கிறது. அது சிங்கிள்-ஆப்ஜெக்ட் வடிவம். பைனரிமெசேஜ்டிகோடரை எடுங்கள்.

0 வந்து, பெயரும் வெற்றாக இருந்தால் அது ரெஜிஸ்ட்ரியின் 5 பைட் முன்னொட்டு.

-40 வந்தால் அது கன்டெய்னர் கோப்பு. முதல் பைட் 79. டேட்டாஃபைல்ரீடரால் திறங்கள்.

-62 வந்தால் முதல் பைட் 123, அதாவது திறக்கும் நெளிவு அடைப்பு. உங்களிடம் வந்தது ஜேசான் உரை.

6998 வந்தால் 172, 237, 0, 5 என்று தொடங்கும் ஜாவாவின் சொந்த சீரியலைசேஷன்.

-36,49,528 வந்தால் வழியில் யாரோ பைட்டுகளை ஸ்ட்ரிங்காக மாற்றி, மறுபடி பைட்டாக்கியிருக்கிறார்கள். 172 என்ற பைட் தனியாக யூடிஎஃப்-8இல் செல்லாது என்பதால், அந்த இடத்தில் 239, 191, 189 என்ற மாற்றுக் குறியீடு உட்கார்ந்துவிட்டது. இந்தத் தரவை மீட்க வழியில்லை, மூல பைட்டே அழிந்துபோயிற்று. உரையாகத்தான் கடத்த வேண்டுமென்றால் பேஸ்64இல் கடத்துங்கள். நியூ ஸ்ட்ரிங் என்று பைட் அரேயைத் தரும் வரியை அனுப்பும் பக்கத்திலும், ஹெச்டிடிபி அடுக்கிலும், லாக் எழுதும் இடத்திலும் தேடிப் பிடித்து நீக்குங்கள்.